ஈவ் மியூர்ஹெட்: ஒரு கர்லிங் ஸ்கிப்பின் இருபதாண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈவ் மியூர்ஹெட் யார்?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கர்லிங் வீராங்கனை. 1990 ஏப்ரல் 22 அன்று பெர்த் நகரில் பிறந்தவர். மகளிர் அணியின் தலைவியாக, அதாவது கர்லிங் ஆட்டத்தில் ‘ஸ்கிப்’ என்று அழைக்கப்படும் பொறுப்பில், நான்கு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 2010இல் வான்கூவரில் அரையிறுதியை எட்டவில்லை. 2014இல் சோச்சியில் வெண்கலம் வென்றார். 2018இல் பியோங்சாங்கில் கடைசிக் கல்லில் பதக்கத்தைப் பறிகொடுத்தார். 2022இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றார். இவற்றுக்கு இடையில் 2013ஆம் ஆண்டின் உலகப் பட்டமும், 2011, 2017, 2021 ஆகிய ஆண்டுகளின் ஐரோப்பியப் பட்டங்களும் உண்டு. பட்டியலாகப் படித்தால் வெற்றிகள் மட்டுமே கண்ணில் படும். அவற்றுக்கு நடுவே இருந்த தோல்விகளிலிருந்துதான் ஒரு ஸ்கிப்பின் வேலை என்னவென்று புரியும் என்பதால், இந்தப் பக்கத்தில் தோல்விகளுக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

கர்லிங் ஆட்டத்தை அறியாதவர் இதைப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும். சுமார் 45 மீட்டர் நீளமும் அதிகபட்சம் 5 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளத்தின் மறுமுனையில், 3.66 மீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்று வரையப்பட்டிருக்கும். அதற்கு ‘ஹவுஸ்’ என்று பெயர். ஏறத்தாழ 18 முதல் 20 கிலோ எடையுள்ள கருங்கல்லை வழுக்கவிட்டு, அந்த வட்டத்தின் நடுப்புள்ளிக்கு எவ்வளவு அருகில் நிறுத்த முடியுமோ அவ்வளவு அருகில் நிறுத்த வேண்டும். ஓர் அணியில் நால்வர். ஒவ்வொருவருக்கும் இரண்டு கற்கள். இரு அணிகளும் மாறி மாறிப் பதினாறு கற்களையும் வீசி முடித்தால் ஓர் ‘எண்ட்’ நிறைவடையும். நடுப்புள்ளிக்கு மிக அருகில் எந்த அணியின் கல் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட உள்ளே எத்தனை கற்கள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள். ஒரு முழு ஆட்டத்துக்குப் பத்து எண்டுகள்.

வீசும்போது கல்லுக்கு ஒரு மெல்லிய சுழற்சி தரப்படுகிறது. அதனால் கல் நேராகப் போகாமல், வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து செல்லும். அணியினர் இருவர் துடைப்பத்தோடு கல்லுக்கு முன்னே ஓடிக்கொண்டே பனியைத் தேய்ப்பார்கள். உராய்வினால் பனியின் மேற்பரப்பு சற்றே சூடாகி, கல் கூடுதல் தூரம் போகும், வளைவும் குறையும். பனித்தளம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் நீர்த்துளிகளைத் தூவி, நுண்ணிய புடைப்புகள் உறையும்படி செய்திருப்பார்கள். ஆட்டம் நகர நகர இந்தப் புடைப்புகள் தேயும். எனவே முதல் எண்டில் கல் போன வழியில் ஏழாவது எண்டில் போகாது.

ஸ்கிப் என்பவரின் வேலை என்ன?

ஒவ்வொரு கல்லும் எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், எந்தப் பக்கமாகச் சுழல வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவரே. தன் அணியினர் வீசும்போது ஸ்கிப் மறுமுனையில், ஹவுஸுக்குள் நின்று, துடைப்பத்தை ஓர் இடத்தில் ஊன்றிக் காட்டுவார். அந்த இடம் கல் போய்ச் சேர வேண்டிய இடம் இல்லை. வளைவைக் கணக்கிட்டு, வீசுபவர் எந்தப் புள்ளியைக் குறிவைத்து விட்டால் கல் சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேருமோ அந்தப் புள்ளி. ஆகவே பனித்தளத்தின் ஒவ்வொரு பகுதியிலும் கல் எவ்வளவு வளைகிறது, எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தயங்குகிறது என்பதை அவர் மனத்தில் எழுதிக்கொண்டே வர வேண்டும். இதைத்தான் பனியைப் படிப்பது என்கிறார்கள். கல் புறப்பட்ட பிறகும் வேலை முடிவதில்லை. அது வளையத் தொடங்கும் தருணத்தைப் பார்த்து, ‘தேயுங்கள்’, ‘விடுங்கள்’ என்று உரத்த குரலில் அவர் கட்டளையிட வேண்டும். கர்லிங் அரங்கில் கேட்கும் கத்தலுக்கெல்லாம் பொருள் இதுதான்.

இவை தவிர, ஆட்டத்தின் நீண்ட கணக்கும் ஸ்கிப்பின் தலையில் இருக்கிறது. ஓர் எண்டில் கடைசிக் கல்லை வீசும் உரிமைக்கு ‘ஹேமர்’ என்று பெயர். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் அந்த உரிமையை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். எவருக்கும் புள்ளி இல்லாமல் எண்ட் முடிந்தால் உரிமை அதே அணியிடம் தங்கும். எனவே ஹேமர் கையில் இருக்கும் அணி ஒரே ஒரு புள்ளியோடு திருப்தியடைய விரும்புவதில்லை. இரண்டோ அதற்கு மேலோ எடுக்கப் பார்க்கும். வாய்ப்பு அமையாவிட்டால், கற்களையெல்லாம் அடித்து வெளியேற்றி எண்டை வெறுமையாக முடித்து, உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும். எதிரணியோ அதனை ஒரு புள்ளிக்குள் அடக்கவும், முடிந்தால் அதன் உரிமையிலேயே ஒரு புள்ளியைத் திருடவும் முயலும். பத்து எண்டுகளுக்கும் சேர்த்து ஓர் அணிக்குச் சிந்திக்கக் கிடைக்கும் நேரம் 38 நிமிடங்கள்தான் என்பதால், இந்தக் கணக்கைப் போட உட்கார்ந்து யோசிக்கவும் இயலாது.

இவ்வளவுக்கும் பிறகு, பெரும்பாலான அணிகளில், கடைசி இரண்டு கற்களையும் ஸ்கிப்பே வீசுகிறார். திட்டமிட்டவரே அந்தத் திட்டத்தின் மிகக் கடினமான பகுதியைத் தன் கையால் நிறைவேற்றவும் வேண்டும். வேறு குழு விளையாட்டுகளில் இவ்விரண்டு சுமைகளும் ஒருவர்மேல் இப்படி ஒருசேர விழுவது அரிது.

கடைசிக் கல்லை ஸ்கிப்தான் வீச வேண்டும் என்று விதி இருக்கிறதா?

இல்லை. சோச்சியில் வெள்ளி வென்ற ஸ்வீடன் அணியின் ஸ்கிப்பான மார்கரெத்தா சிக்ஃப்ரிட்சன் முதல் இரண்டு கற்களை வீசினார். கடைசிக் கற்களை மரியா ப்ரிட்ஸ் வீசினார். சுவிட்சர்லாந்தின் சில்வானா தீரின்சோனியும் ஸ்கிப்பாக இருந்துகொண்டே கடைசிக் கற்களை அலீனா பெட்ஸிடம் ஒப்படைத்தவர். மியூர்ஹெட் இரண்டையும் தானே சுமந்தார்.

அவர் எங்கே, எப்படி வளர்ந்தார்?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பகுதியில், பிளேர் அதோல் என்ற சிற்றூரில், ஆடு வளர்க்கும் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தார். தந்தை கார்டன் மியூர்ஹெட் ஸ்காட்லாந்துக்காக உலகப் போட்டிகளில் ஆடியவர். அண்ணன் கிளெனும் தம்பி தாமஸும் 2018 ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஆடவர் அணியில் இடம்பெற்றார்கள். அந்த ஆண்டு ஒரே வீட்டைச் சேர்ந்த மூவர் ஒரே ஒலிம்பிக்கில் ஒரே விளையாட்டில் களம் கண்டனர்.

கர்லிங் ஸ்காட்லாந்தின் மண்ணோடு ஒட்டிய விளையாட்டு. உறைந்த ஏரிகளில் ஆடத் தொடங்கிய இந்த ஆட்டத்தின் விதிகளை ஒழுங்குபடுத்திய சங்கம் 1838இல் எடின்பரோவில் தோன்றியது. ஒலிம்பிக்கில் பயன்படும் கற்களின் கருங்கல் இன்றும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் தனித்து நிற்கும் ஐல்சா கிரெய்க் என்ற சிறு தீவிலிருந்துதான் வருகிறது. இத்தகைய ஊரில், இத்தகைய குடும்பத்தில் பிறந்த குழந்தை கர்லிங் ஆடக் கற்றதில் வியப்பில்லை. ஆனால் அவருக்கு வேறு வழிகளும் திறந்தே இருந்தன. கோல்ஃபில் மிகத் தேர்ந்தவர்; ஸ்காட்லாந்தின் பைப் இசைக்கருவியை உலக இசைக்குழுப் போட்டிகளில் வாசித்தவர். அவற்றை ஓரமாக வைத்துவிட்டுப் பனித்தளத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இளையோர் மட்டத்தில் அவர் எப்படி ஆடினார்?

உலக இளையோர் பட்டத்தை 2007, 2008, 2009, 2011 என நான்கு முறை வென்ற அணிகளில் இருந்தார். இளையோராக இருக்கும்போதே ஒலிம்பிக்கிலும் ஆடிவிட்டார் என்பதை இந்த ஆண்டுகளே சொல்லும்.

ஒரு போட்டியில் ஸ்காட்லாந்து என்றும் இன்னொன்றில் பிரிட்டன் என்றும் சொல்கிறார்களே, ஏன்?

உலகப் போட்டிகளிலும் ஐரோப்பியப் போட்டிகளிலும் ஸ்காட்லாந்து தனி நாடாக ஆடுகிறது. ஒலிம்பிக்கில் மட்டும் பிரிட்டன் என்ற ஒரே அணிதான். பிரிட்டனுக்கான ஒலிம்பிக் இடத்தை ஸ்காட்லாந்து அணி பெறும் தரவரிசைதான் ஈட்டித் தருகிறது. ஆகவே உலகப் போட்டியில் ஸ்காட்லாந்து சறுக்கினால், அதன் விளைவு ஒலிம்பிக்கில் பிரிட்டனைத் தாக்கும். 2021இல் அதுவே நடந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பத்தொன்பது வயதில் ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கியது சரியான முடிவா?

2010 வான்கூவரில் பிரிட்டன் ஒன்பது ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றது. அணியில் ஜாக்கி லாக்ஹார்ட் போன்ற, வயதிலும் அனுபவத்திலும் மிக மூத்தவர்கள் இருந்தனர். அவர்களுக்கெல்லாம் எங்கே வீச வேண்டும் என்று பத்தொன்பது வயதுப் பெண் துடைப்பம் ஊன்றிக் காட்டினார். முடிவை வைத்துப் பார்த்தால் தவறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு அடுத்த மாதமே கனடாவின் ஸ்விஃப்ட் கரண்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் அவர் தலைமையில் ஸ்காட்லாந்து இறுதிவரை சென்றது. ஜெர்மனியின் ஆந்திரேயா ஷோப் அணியிடம் கூடுதல் எண்டில்தான் தோற்று வெள்ளி பெற்றது. வான்கூவரில் வாங்கிய அடியின் பலன் அவ்வளவு விரைவாகத் தெரிந்தது. என் பார்வையில் அந்த முடிவு சரியானதே. ஒலிம்பிக்கின் அழுத்தத்தை ஒலிம்பிக்கில் மட்டுமே பழக முடியும். அதைப் பத்தொன்பதிலேயே பழகியவருக்கு முன்னால் இன்னும் மூன்று வாய்ப்புகள் இருந்தன.

அவருடைய முதல் பெரிய பட்டம் எது?

2011இல் மாஸ்கோவில் வென்ற ஐரோப்பியப் பட்டம். அதன்பின் 2013இல் லாட்வியாவின் ரீகா நகரில் உலகப் பட்டம். ஆனா ஸ்லோன், விக்கி ஆடம்ஸ், கிளேர் ஹாமில்டன் ஆகியோருடன் ஆடிய அந்த இறுதியாட்டத்தில் ஸ்வீடனை 6-5 என்று வென்றபோது அவருக்கு வயது 22. உலகின் முன்னணி அணிகள் கனடாவில் மோதும் கிராண்ட் ஸ்லாம் தொடரின் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் பட்டத்தையும் அதே ஆண்டு வென்றார்; 2015, 2016 ஆண்டுகளிலும் அதைத் திரும்ப வென்றார்.

சோச்சி வெண்கலம் எப்படிக் கிடைத்தது?

உலகப் பட்டத்தோடு 2014இல் சோச்சிக்குப் போன அணி லீக் சுற்றில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி என்ற கணக்கில்தான் அரையிறுதியை எட்டியது. அந்தச் சுற்றில் அமெரிக்காவுக்கு எதிராக ஒரே எண்டில் ஏழு புள்ளிகள் எடுத்து 12-3 என்று வென்றது ஒலிம்பிக் மகளிர் ஆட்டத்தில் அதுவரை எவரும் செய்திராத செயல். அரையிறுதியில் ஜெனிஃபர் ஜோன்ஸின் கனடா அணி 6-4 என்று தடுத்தது. கனடா அந்த ஒலிம்பிக்கில் ஆடிய பதினொரு ஆட்டங்களிலும் வென்ற அணி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அரையிறுதியில் தோற்ற அணி மறுநாளே எழுந்து வந்து வெண்கலத்துக்காக ஆடுவது எளிதன்று. மியூர்ஹெட்டின் அணி சுவிட்சர்லாந்தை 6-5 என்று வென்றது.

2018இல் அந்தக் கடைசிக் கல்லில் என்ன நடந்தது? அது தவறான முடிவா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பியோங்சாங்கில் பிரிட்டன் அரையிறுதியில் ஸ்வீடனிடம் 10-5 என்று தோற்று, வெண்கல ஆட்டத்தில் ஜப்பானைச் சந்தித்தது. எட்டு எண்டுகள் முடிவில் 3-3. ஒன்பதாவது எண்டில் ஜப்பான் ஒரு புள்ளியைத் திருடி 4-3 என்று முன்னேறியது. பத்தாவது எண்டில் கடைசிக் கல்லை வீசும் உரிமை மியூர்ஹெட்டிடம் இருந்தது.

அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் 4-4 என்று சமனாகும். கூடுதல் எண்ட் ஆட வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் எண்டில் ஹேமர் ஜப்பானிடம் இருக்கும். இந்த மட்டத்தில் ஹேமர் உள்ள அணிக்கு வெல்லத் தேவை ஒரே ஒரு புள்ளி என்றால், பெரும்பாலும் அது வென்றுவிடும். இரண்டாவது வழி, ஜப்பானின் கல்லை அடித்து அகற்றி இரண்டு புள்ளிகள் எடுத்து அங்கேயே வெண்கலத்தை உறுதிசெய்வது. கடினமான அடிதான், எனினும் எட்டாததன்று. மியூர்ஹெட் இரண்டாவதைத் தேர்ந்தார். கல் எண்ணியபடி படவில்லை. மோதிய கற்கள் உருண்டு நின்றபோது நடுப்புள்ளிக்கு மிக அருகில் இருந்தது ஜப்பானின் கல். 5-3 என்று ஆட்டம் முடிந்தது. ஜப்பானின் மகளிர் அணி முதன்முறையாக ஒலிம்பிக் கர்லிங் பதக்கம் பெற்றது.

முடிவைப் பார்த்துத் தீர்மானத்தை எடைபோடுவது ஸ்கிப்புகளுக்கு எப்போதும் இழைக்கப்படும் அநீதி. சமன்செய்து, ஹேமரை எதிரணிக்குக் கொடுத்து, பின்பு திருடி வெல்வதைவிட, கையில் இருக்கும் கல்லால் நேரே வெல்லப் பார்ப்பது கணக்கின்படி நியாயமானது. தீர்மானம் சரி, வீச்சு சில அங்குலம் தவறியது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இந்த விளையாட்டைப் பார்த்தும் பயனில்லை. ஆனால் வீசியவருக்கு அந்தப் பிரிவினை ஆறுதல் தந்திருக்காது என்பதும் உண்மை. நால்வர் நான்காண்டு உழைத்த உழைப்பு அவர் கையை விட்டு நழுவியதை உலகமே நேரலையில் பார்த்தது.

அதன் பிறகு அவர் உடல்நலம் பாதிக்கப்பட்டதா?

ஆம். அந்த ஆண்டே இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கல்லை விடும்போது வீசுபவர் ஒரு காலை முழுவதும் மடித்து, மறு காலைப் பின்னே நீட்டி, உடலைப் பனிக்கு மிகத் தாழ்த்திச் சறுக்குகிறார். சிறுவயதிலிருந்து ஆயிரக்கணக்கான முறை இதைச் செய்தால் இடுப்பு மூட்டுதான் விலை கொடுக்கும். அணியும் உடைந்தது. நீண்டகாலச் சக வீராங்கனையான ஆனா ஸ்லோன் விலகினார். ஜெனிஃபர் டாட்ஸ் வந்து சேர்ந்தார்.

2021இல் பிரிட்டன் ஏன் ஒலிம்பிக் வாய்ப்பையே இழக்கும் நிலைக்குப் போனது?

கொரோனா காலத்தில், பார்வையாளர்கள் இன்றி, கனடாவின் கால்கரி நகரில் அடைபட்ட வளாகத்துக்குள் நடந்த 2021 உலகப் போட்டியில் முதல் ஆறு இடங்களுக்குள் வரும் நாடுகளுக்கு ஒலிம்பிக்கில் நேரடி இடம் என்று வகுத்திருந்தார்கள். ஸ்காட்லாந்து எட்டாவதாக முடித்தது. மிஞ்சியது ஒரே வழி: அந்த ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் நடக்கவிருந்த கடைசித் தகுதிச் சுற்று.

பிரிட்டனின் கர்லிங் நிர்வாகம் அப்போது எடுத்த முடிவு துணிச்சலானது. இருந்த அணியை அப்படியே அனுப்பாமல், ஒன்பது வீராங்கனைகளை ஒரே குழுவாக்கி, வெவ்வேறு சேர்க்கைகளில் ஆடவிட்டு, அவர்களிலிருந்து ஐவரைத் தேர்ந்தெடுத்தது. கர்லிங் மரபில் அணி என்பது ஸ்கிப்பின் பெயரால் அழைக்கப்படுவது. தன்னோடு யார் ஆடுவது என்பதை ஸ்கிப்பே தீர்மானிப்பார். பத்தாண்டுக்கும் மேலாக ‘மியூர்ஹெட் அணி’ என்று அழைக்கப்பட்ட ஒருவர், இப்போது ஒன்பது பேரில் ஒருவராக நின்று தன் இடத்தைத் தானே மீண்டும் ஈட்ட வேண்டியிருந்தது. என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்வின் மிகப் பெரிய செயல் இதுதான். பெய்ஜிங் இறுதியாட்டத்தைவிடவும் பெரியது.

தேர்வானவர்கள்: ஸ்கிப்பாக மியூர்ஹெட், மூன்றாமவராக விக்கி ரைட், இரண்டாமவராக ஜெனிஃபர் டாட்ஸ், முதல் கற்களை வீசுபவராக ஹெய்லி டஃப், மாற்று வீராங்கனையாக மிலி ஸ்மித். இந்த அணி 2021 நவம்பரில் லில்லஹாமரில் ஸ்வீடனை வீழ்த்தி ஐரோப்பியப் பட்டம் வென்றது. அடுத்த மாதம் லேவார்டனில் ஒலிம்பிக் இடத்தையும் பெற்றது.

பெய்ஜிங் 2022இல் தங்கம் எப்படி வந்தது?

சிரமப்பட்டுத்தான் வந்தது. தொடக்க விழாவில் பனிச்சறுக்கு வீரர் டேவ் ரைடிங்குடன் சேர்ந்து பிரிட்டனின் கொடியை ஏந்திய மியூர்ஹெட்டின் அணி, லீக் சுற்றில் சோச்சியைப் போலவே ஐந்தில் வென்று நான்கில் தோற்றது. கடைசி நாளில் ரஷ்ய வீராங்கனைகளின் அணியை வென்றும் அது போதவில்லை. வேறு தளங்களில் நடந்த ஆட்டங்களின் முடிவும் சாதகமாக அமைய வேண்டியிருந்தது. இறுதியில் பிரிட்டன், ஜப்பான், கனடா ஆகிய மூன்றும் அதே ஐந்து-நான்கு கணக்கில் நின்றன. இருந்தவை இரண்டு இடங்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்த விதியைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இரு அணிகளும் நடுப்புள்ளியைக் குறிவைத்துச் சில கற்களை விடும். எவ்வளவு தள்ளி நின்றது என்று சென்டிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். முதல் எண்டில் ஹேமர் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதே அதன் முதல் பயன். வெற்றி தோல்வியும் நேருக்கு நேர் கணக்கும் சமனாக இருந்தால், அந்த அளவுகளின் சராசரி தரவரிசையைத் தீர்மானிக்கும். அதன்படி பிரிட்டன் மூன்றாவது, ஜப்பான் நான்காவது; ஜெனிஃபர் ஜோன்ஸின் கனடா வீடு திரும்பியது. ஆட்டம் தொடங்குவதற்கு முன், அரங்கு நிறைவதற்கு முன், எவரும் அதிகம் கவனிக்காத நேரத்தில் விட்ட கற்களில் பிரிட்டன் காட்டிய பொறுமைதான் அதை அரையிறுதிக்குக் கொண்டுபோனது.

அரையிறுதியில் நடப்பு ஒலிம்பிக் சாம்பியனான ஆனா ஹாசல்போரியின் ஸ்வீடன் முதல் எண்டிலேயே நான்கு புள்ளிகள் எடுத்தது. ஒலிம்பிக் அரையிறுதியில் 0-4 என்று தொடங்கும் அணி பெரும்பாலும் அங்கிருந்து மீள்வதில்லை. இந்த அணி ஒவ்வொரு எண்டாக மீண்டது. பத்து எண்டுகளின் முடிவில் 11-11. கூடுதல் எண்டில் ஒரு புள்ளி எடுத்து 12-11 என்று வென்றது. தான் வகுத்த திட்டம் முதல் கால்மணி நேரத்தில் சிதறிய பிறகும் அணியினருக்குத் தெளிவாகத் துடைப்பம் காட்டிக்கொண்டிருப்பதுதான் ஸ்கிப்பின் உண்மையான தேர்வு என்றால், மியூர்ஹெட் அதில் தேறிய நாள் 2022 பிப்ரவரி 18.

பிப்ரவரி 20 அன்று நடந்த இறுதியாட்டத்தில் எதிரே நின்றது, நான்காண்டுகளுக்கு முன் வெண்கலத்தைப் பறித்த அதே ஜப்பான்; ஸ்கிப்பும் அதே சத்சுகி ஃபுஜிசாவா. ஏழாவது எண்டில் பிரிட்டன் நான்கு புள்ளிகள் எடுத்ததும் ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 10-3 என்ற நிலையில் ஜப்பான் கைகுலுக்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டன் பெற்ற ஒரே தங்கம் அது. ஆடவர் கர்லிங்கில் புரூஸ் மோவட்டின் அணி வென்ற வெள்ளியைச் சேர்த்தால் பதக்கங்கள் மொத்தம் இரண்டு; இரண்டும் கர்லிங்கில் வந்தவை.

பிரிட்டன் இதற்கு முன் மகளிர் கர்லிங்கில் தங்கம் வென்றிருக்கிறதா?

ஒருமுறை. 2002இல் சால்ட் லேக் சிட்டியில் ரோனா மார்ட்டினின் அணி, கடைசிக் கல்லில் சுவிட்சர்லாந்தை 4-3 என்று வென்றது. அப்போது மியூர்ஹெட்டுக்கு வயது பதினொன்று.

கர்லிங் ஆடி வாழ முடியுமா? வீராங்கனைகள் வேறு வேலையும் செய்கிறார்களா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் லாட்டரி நிதியிலிருந்து உயர்மட்ட வீரர்களுக்கு உதவித்தொகை கிடைப்பதால், ஸ்டர்லிங் நகரிலுள்ள தேசியப் பயிற்சி மையத்தில் முழுநேரமாகப் பயிற்சி செய்ய முடிகிறது. ஆயினும் விக்கி ரைட் செவிலியர். கொரோனா காலத்தில் மருத்துவமனைப் பணிக்குத் திரும்பியவர். கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் வழக்கறிஞர். 2006, 2010 என அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் ஸ்வீடனுக்குத் தங்கம் பெற்றுத் தந்த ஸ்கிப் ஆனெத் நூர்பெரி காப்பீட்டுத் துறையில் இடர்களைக் கணக்கிடும் வல்லுநராகப் பணியாற்றியவர். வாய்ப்பையும் இழப்பையும் எடைபோடும் தொழில் ஒரு ஸ்கிப்புக்கு எவ்வளவு பொருத்தம் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

இவர்களோடு ஒப்பிட்டால் மியூர்ஹெட்டின் இடம் எது?

பட்டங்களின் எண்ணிக்கையில் நூர்பெரியும் ஜோன்ஸும் அவருக்கு மேலே நிற்கிறார்கள். நூர்பெரிக்கு இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் மூன்று உலகப் பட்டங்களும் உண்டு; ஜோன்ஸ் 2008, 2018 ஆண்டுகளில் உலகப் பட்டமும், ஆறு முறை கனடா தேசியப் பட்டமும் வென்றவர். கனடா தேசியப் போட்டியை வெல்வது உலகப் பட்டத்தை வெல்வதைவிடக் கடினம் என்று அங்குள்ளவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மியூர்ஹெட்டை நான் அவர்களுக்கு இணையாக வைப்பது வேறு காரணத்துக்காக. இருபது வயதுக்கு முன்பே அந்தப் பொறுப்பை ஏற்று, உலகறியத் தோற்று, உடல் தளர்ந்து, அணி கலைந்து, தன் இடத்துக்கே போட்டியிட நேர்ந்த பிறகும் அதே பனித்தளத்துக்குத் திரும்பி வந்தவர் அவர்.

ஏன் 32 வயதிலேயே ஓய்வு பெற்றார்? இப்போது என்ன செய்கிறார்?

2022 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். அதற்குள் அந்த ஆண்டில் பாபி லாமியுடன் இணைந்து ஜெனீவாவில் கலப்பு இரட்டையர் உலகப் பட்டத்தையும் வென்றிருந்தார். ஸ்கிப்புகள் நாற்பது வயதைத் தாண்டியும் ஆடும் விளையாட்டில் இது இளம் வயதுதான். ஆனால் அவருடைய மூட்டுகளின் வயதையும் பத்தொன்பதில் தொடங்கிய சுமையின் நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு புரியும். பின்னர் 2026 மிலானோ கோர்டினா குளிர்கால ஒலிம்பிக்குக்கான பிரிட்டன் குழுவின் தலைமைப் பொறுப்புக்கு அவரை நியமித்தார்கள்.

முதன்முறை பார்ப்பவர் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

2018 வெண்கல ஆட்டத்தின் கடைசி இரண்டு எண்டுகளை முதலில் பாருங்கள். பிறகு 2022 அரையிறுதியை முழுவதும் பாருங்கள். கல்லைத் தொடர்ந்து கண்ணை ஓட்டாமல், முதல் எண்டில் ஸ்வீடன் நான்கு புள்ளிகள் எடுத்த பிறகு, இரண்டாம் எண்டின் முதல் கல்லுக்காக மறுமுனையில் குனிந்து துடைப்பத்தை ஊன்றும் மியூர்ஹெட்டைக் கவனியுங்கள். அங்கே ஹெய்லி டஃப் கல்லோடு காத்திருப்பார், இவர் இடத்தைக் காட்டுவார், கல் புறப்படும்.